பள்ளியில் உதவி கேட்பது எப்படி? சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவளுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு) இருப்பது நான்காம் வகுப்பில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு பள்ளி வாசலிலும் அரசு மருத்துவமனை நடைபாதையிலும் கலெக்டர் ஆபீஸ் பெஞ்சிலும் நான் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு டிகிரியே வாங்கியிருக்கலாம். அங்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்த பெற்றோர் கேட்டவை இவை. எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. மற்ற மாநிலங்களில் சட்டம் ஒன்றுதான், அலுவலகங்களின் பெயரும் வழியும் மாறும்.

என் பிள்ளைக்குப் பிரச்சினை இருக்கிறதா, சோம்பேறித்தனமா? எப்படித் தெரிந்துகொள்வது?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் தமிழ்ப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. புரண்ட பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பழைய பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள். வகுப்பில் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்திருக்கிறாள். மூன்று வருடமாக அவளைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தோம். உண்மையில் வகுப்பிலேயே அதிகம் உழைத்தவள் அவள்தான்.

தமிழில் இன்னொன்றைக் கவனியுங்கள். ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஓசை பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’ என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. இது எல்லாக் குழந்தைக்கும் முதலில் குழம்பும், பிறகு சரியாகிவிடும். மூன்றாம் வகுப்பு முடியும்போதும் அதே இடத்தில் நின்றால், ல-ள-ழ குழப்பத்தோடு எழுத்துகள் இடம் மாறி விழுந்தால், வாயால் சரியாகச் சொல்லும் பதிலைத் தாளில் எழுத முடியவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

பேச்சு வருவதில் தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, நடையில் தள்ளாட்டம் போன்றவற்றுக்கு மூன்றாம் வகுப்புவரைகூடக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். கட்டணம் இல்லை.

“எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி இருக்காது, தானா சரியாயிடும்” என்று டீச்சர் சொல்கிறார்களே?

நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் நம்மூரில் ஒரு சிக்கல் இருக்கிறது. எட்டாம் வகுப்புவரை எல்லோருக்கும் தேர்ச்சி. அந்தக் கொள்கையை நான் குறை சொல்லவில்லை, குழந்தையைப் பெயிலாக்கி யாரும் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாத குழந்தையும் சத்தமில்லாமல் மேலே போய்விடும். ஒன்பதாம் வகுப்பில், பத்தாவது ரிசல்ட் கவலை தொடங்கும்போதுதான் திடீரென்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அப்போது வரும் யோசனை பெரும்பாலும் “டி.சி. வாங்கிக்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க” என்பதாகத்தான் இருக்கும்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லாமல் பள்ளியில் எதுவும் கேட்க முடியாதா?

முடியும். நான் சந்தித்த பெற்றோரில் பாதிப்பேர் சான்றிதழ் வரட்டும் என்று ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள். பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வைக்க எந்த மருத்துவக் குழு கையெழுத்துப் போட வேண்டும்? போர்டில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளை நோட்டிலிருந்து போட்டோ எடுத்துக்கொள்ள எதற்கு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை? பொதுத்தேர்வுச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும்தான் சான்றிதழ் வேண்டும். வகுப்பறைக்குள் நடக்க வேண்டியவற்றை நாளைக் காலையே கேட்கலாம்.

சரி, எப்படிக் கேட்பது?

எழுதிக் கேளுங்கள். சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதல் இரண்டு வருடம் நான் பெற்றோர் கூட்டத்துக்குப் போய் “கொஞ்சம் கவனமா பார்த்துக்கங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். “கண்டிப்பா சார்” என்றார்கள். எதுவும் மாறவில்லை. ஐம்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் ஆசிரியருக்கு “கவனமா பார்த்துக்கங்க” என்றால் என்ன செய்வது என்று எப்படித் தெரியும்? மூன்றாவது வருடம் இப்படி ஒரு கடிதம் கொடுத்தேன்.

“பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள். பொருள்: மாணவிக்கு வகுப்பறையில் உதவி கோருதல். ஐயா, என் மகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் மிகவும் பின்தங்குகிறாள். கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வாயால் பதில் சொல்வதிலும் சிரமம் இல்லை. எனவே, அவளை முதல் வரிசையில் அமர்த்தவும், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருக்கவும், வகுப்பில் முன்னறிவிப்பின்றிச் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல் இருக்கவும், வகுப்புத் தேர்வில் 15 நிமிடம் கூடுதலாக வழங்கவும் வேண்டுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவுகள் 16, 17 இத்தகைய உதவிகளுக்கு இடமளிக்கின்றன. ஒரு மாதம் கழித்துத் தங்களை நேரில் சந்திக்க நேரம் ஒதுக்கித் தரவும்.”

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம். வெளியே வந்து அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து, சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். எனக்குச் சீல் கிடைத்தது, கூடவே “என்ன சார், கேஸ் போடப் போறீங்களா?” என்ற கிண்டலும் கிடைத்தது. ஆனால் மறு வாரமே முன் பெஞ்ச்.

சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்ற ஒரு வரிதான் அந்தக் கடிதத்தில் அதிக வேலை செய்தது. அது நின்ற பிறகுதான் திங்கட்கிழமைக் காலை வயிற்றுவலி நின்றது.

யு.டி.ஐ.டி. அட்டை வாங்குவது எப்படி?

இது இந்தியா முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம், அது பெரும்பாலும் கலெக்டர் அலுவலக வளாகத்தில்தான் இருக்கும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, இருக்கிற மருத்துவ ரிப்போர்ட்டுகள் வேண்டும். பிறகு அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் பரிசோதித்துச் சதவீதம் போடுவார்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் இன்னும் எளிய வழி உண்டு. பள்ளிக் கல்வித் துறை ஒன்றியவாரியாக மருத்துவ முகாம் நடத்துகிறது. எலும்பு, கண், காது, மனநல மருத்துவர்கள் ஒரே கூரையின் கீழ் வருவார்கள். முகாம் தேதியை உங்கள் ஒன்றியத்தில் கல்வித் துறை வைத்திருக்கும் வட்டார வள மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காலை எட்டரைக்கே போய்விடுங்கள். பிள்ளைக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்துப் போங்கள், கூட்டம் இருக்கும். பசியோடு இருக்கிற குழந்தை எந்தச் சோதனையிலும் தன் உண்மையான நிலையைக் காட்டாது.

விண்ணப்பத்தில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று போட்டிருக்கலாம். படிக்கும்போது மனசு சுருக்கென்று குத்தும். அப்படிப் பெயர் வைத்தவர் ஒரு ஆட்டிசக் குழந்தையோடு அரை நாள் இருந்திருந்தால் வைத்திருக்க மாட்டார். டிக் அடித்துவிட்டு நகருங்கள்.

கற்றல் குறைபாட்டுக்குச் சின்ன வயதிலேயே சான்றிதழ் தருவார்களா?

8 வயது ஆக வேண்டும் என்பது 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல். அதற்கு முன் ‘இன்னும் கற்றுக்கொள்ளும் வயது’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். முதலில் நுண்ணறிவுச் சோதனை, பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றுக்கான தனிச் சோதனை. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடியும் மதிப்பீடு செய்துகொள்ளச் சொன்னது அதே வழிகாட்டுதல். பத்தாம் வகுப்புக்கு முன்னால் சான்றிதழின் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஞாபகம் வந்து ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

சான்றிதழில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. இனி ஒன்றும் கிடைக்காதா?

40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் அதைச் சட்டம் ‘அளவுகோல் குறைபாடு’ என்கிறது. இட ஒதுக்கீடு, உதவித்தொகை, 18 வயதுவரை இலவசக் கல்விக்கான தனி உரிமை இவற்றுக்கு அது வேண்டும். ஆனால் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டும், கற்றல் குறைபாட்டை ஆரம்பத்திலேயே கண்டறிய வேண்டும் என்று சொல்லும்போது எந்தச் சதவீதத்தையும் சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்வில் எழுத உதவியாளர் கேட்க 40 சதவீதம் கட்டாயமில்லை என்றே தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் போட்டவருக்கு இருந்தது கை நரம்பு இழுத்துக்கொண்டு எழுத முடியாமல் போகும் பிரச்சினை. பள்ளி அலுவலகத்தில் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும்.

அரசுப் பள்ளியில் சிறப்பு ஆசிரியர் இருப்பாரா?

பெரும்பாலும் ஒரு பள்ளிக்கென்று ஒருவர் இருக்க மாட்டார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், இயன்முறை மருத்துவரும் வருவார். அவர்கள்தான் ஒன்றியத்திலுள்ள பள்ளிகளுக்கு முறை வைத்துப் போய்வருகிறார்கள். தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கணக்குச் சொன்னது. நடப்பு என்னவென்று பைக்கில் வெயிலில் அலைகிற அந்தப் பயிற்றுநர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆகவே, அவர் வரும் கிழமையைத் தெரிந்துகொண்டு அன்றைக்கு நீங்களும் பள்ளிக்குப் போங்கள். அந்த அரை மணி நேரத்தில் அவர் வகுப்பாசிரியருக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்பதைவிட, வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்பது அதிகம் பயன்படும். எங்களுக்கு வந்த பயிற்றுநர் ஒரு பழைய அழைப்பிதழ் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும்படி ஜன்னல் வெட்டிக்கொடுத்தார். அதைப் பாடத்தின் மேல் வைத்து நகர்த்தி வாசிக்க வேண்டும். காசில்லாத வைத்தியம். இரண்டு வருடம் ஓடியது, அட்டைதான் பாவம் நைந்துபோனது.

பிள்ளையின் பெயர் எமிஸ் என்ற கல்வித் துறையின் கணினிப் பதிவில் சிறப்புத் தேவையுள்ள மாணவர் என்று ஏறியிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அங்கே ஏறாத பிள்ளை திட்டத்தின் கண்ணுக்கு இல்லாத பிள்ளை. கேட்புக் கருவி, சக்கர நாற்காலி, பயணப்படி, துணையாளர் படி, மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாத ஊக்கத்தொகை எல்லாம் அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்கும்.

தனியார் பள்ளி “எங்களிடம் வசதி இல்லை” என்கிறது.

‘வசதி இல்லை’ என்பதைக் காரணமாகச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. அரசு நிதி பெறாவிட்டாலும், அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றாலே 16-ஆம் பிரிவு பொருந்தும். சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் சிறப்பு ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று வாரியமே சொல்லியிருக்கிறது.

வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். “உங்கள் பிள்ளையைச் சேர்க்க முடியாது, காரணம் இது” என்று லெட்டர்ஹெட்டில் எழுதித்தர எந்த கரஸ்பாண்டன்ட்டும் துணிய மாட்டார். எங்களை ஒரு பள்ளி இப்படித்தான் சிரித்த முகத்தோடு காபி கொடுத்துத் திருப்பி அனுப்பியது. எழுதிக் கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆனால் ஒன்றையும் யோசியுங்கள். சண்டை போட்டு வாங்கிய சீட்டில் பிள்ளை தினம் ஏழு மணி நேரம் உட்கார வேண்டும். உரிமை இருக்கிறது என்பதற்காக மனமில்லாத இடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்பதில்லை. பெரிய கட்டடத்தைவிட, பிள்ளையின் பெயரை இரண்டாம் நாளே ஞாபகம் வைத்திருக்கிற சின்னப் பள்ளி மேல். இது சட்டம் சொல்வதில்லை, நான் சொல்வது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தரும் 25 சதவீத இலவச இடத்தில் விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. அந்தச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் குழந்தைகள் ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்’ வருகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பிரிவுக்கு வருமான வரம்பு கிடையாது. எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பில் மட்டும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது.

வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்து உதவும் ஷேடோ டீச்சரை நாமே சம்பளம் கொடுத்து வைக்கச் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை, ஆனால் பரவலாக நடக்கிறது. பிள்ளைக்கு வேண்டிய ஆதரவைச் செய்துதருவது பள்ளியின் பொறுப்பு. அப்படியே வைத்தாலும் அவர் யார், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கழகத்தில் பதியாதவர் சிறப்பாசிரியராகப் பணியாற்ற முடியாது. இன்னொன்று, ஷேடோ டீச்சர் வந்ததும் வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையை மறந்துவிடும் ஆபத்து இருக்கிறது. வகுப்புக்குள்ளேயே இரண்டு பேர் மட்டும் கொண்ட தனி வகுப்பு உருவாகிவிடும்.

தனிநபர் கல்வித் திட்டம் என்கிறார்களே, அது என்ன?

பிள்ளை இன்று எங்கே நிற்கிறது, அடுத்த மூன்று மாதத்தில் எங்கே போக வேண்டும், யார் என்ன செய்வார்கள் என்று எழுதிய தாள். ‘வாசிப்புத் திறன் மேம்படும்’ என்று எழுதியிருந்தால் அது திட்டமில்லை, வாழ்த்து அட்டை. ‘இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் 20-இல் 15-ஐ உதவியின்றி வாசிப்பாள், வகுப்பாசிரியர் வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் பயிற்சி தருவார், தீபாவளி விடுமுறைக்கு முன் சோதிப்போம்’ என்று இருக்க வேண்டும். மூன்று இலக்குக்கு மேல் போடாதீர்கள். அதில் ஒன்றாவது பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்கட்டும்.

பொதுத்தேர்வில் என்ன சலுகைகள்?

மாநில வாரியத்தில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு, தரைத்தளத்தில் அறை. குறைபாட்டைப் பொறுத்து இவை மாறும். பள்ளி வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். பெயர்ப்பட்டியல் போகும் நேரத்தில் விட்டால் பிறகு அலைச்சல்தான். சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு, பாடத் தெரிவிலும் தளர்வு உண்டு.

எல்லாச் சலுகையும் எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்வதே ஒரு தனிப் பழக்கம். வருகிறவர் முன்பின் தெரியாத ஆசிரியராக இருக்கலாம். ‘கமா போடுங்க, அடுத்த பாரா’ என்று ஒரு பெரியவருக்கு உத்தரவு போட நம் பிள்ளைகளுக்கு வாய் வராது. அரையாண்டுத் தேர்விலேயே ஒத்திகை பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். என் மகள் ஒத்திகை பார்த்துவிட்டு “வேண்டாம்ப்பா, அவங்க முகத்தைப் பார்த்தா எனக்கு பதிலே மறந்துபோகுது” என்றாள். கூடுதல் நேரம் மட்டும் எடுத்துக்கொண்டாள். மொழிப்பாட விலக்கும் எடுக்கவில்லை. தமிழில் 52 வாங்கினாள். அந்த 52-க்கு நான் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன்.

பள்ளிக்கே போக முடியாத நிலை என்றால்?

தீவிர, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் கொடுத்திருக்கிறது. சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். பெயர் அருகிலுள்ள பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், பாடநூலும் சீருடையும் உண்டு. இதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்கள். பள்ளி தன் தொல்லை தீர “வீட்டுல வெச்சே பாத்துக்கங்க” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரம் இரண்டு நாளாவது போய் மற்றப் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டு வருவதே பெரிய பாடம்.

வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நல்லதா?

சில பிள்ளைகளுக்கு மிக நல்லது. பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். ஆனால் தன் ரிசல்ட் சதவீதத்துக்காகப் பள்ளி உங்களை அங்கே தள்ளினால் அது வேறு கதை.

யாரிடம் புகார் செய்வது?

தலைமையாசிரியர், பிறகு வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். சீல் வாங்கிய கடிதம் இங்கேதான் பேசும். கல்வி உதவி எண் 14417. அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அவருக்கு விசாரணைக்கு அழைக்கும் அதிகாரம் உண்டு, வக்கீல் வைக்க வேண்டியதில்லை. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது. பெரும்பாலான பிரச்சினைகள் முதன்மைக் கல்வி அலுவலரிடமிருந்து ஒரு போன் வந்தாலே தீர்ந்துவிடும்.

ஃபைலில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

யு.டி.ஐ.டி. அட்டை, மருத்துவச் சான்று, உளவியல் ரிப்போர்ட், சீல் போட்ட கடிதங்கள், ஒவ்வொரு வருடமும் பிள்ளை எழுதிய ஒரு நோட்டுப் பக்கம். கடைசியாகச் சொன்னதை யாரும் வைத்திருப்பதில்லை. மருத்துவர் “எப்போதிலிருந்து?” என்று கேட்கும்போது அந்தப் பக்கங்களை வரிசையாக வைத்தால் போதும், நாம் பேசவே வேண்டாம். எல்லாவற்றிலும் பத்து ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். மருத்துவச் சான்றை லேமினேட் செய்யாதீர்கள். நான் செய்தேன். பிறகு புதுப்பிக்கப் போனபோது பிளாஸ்டிக் மேல் முத்திரை பிடிக்காமல் அழிந்து, இன்னொரு முறை வரச் சொன்னார்கள்.